முப்பது பவுண்டு, இரண்டு தொப்பி: நான்டக்கெட் தீவில் குடித்தனம்

1659ஆம் ஆண்டு நான்டக்கெட் தீவு கைமாறியபோது பேசிய விலை முப்பது பவுண்டு. அதோடு பீவர் தோல் தொப்பி இரண்டு. ஒரு தொப்பி விற்ற தாமஸ் மேஹ்யூவுக்கு, இன்னொன்று அவர் மனைவிக்கு. வாங்கியவர்கள் ஒன்பது பேர். மாசசூசெட்ஸ் கரையின் பியூரிட்டன் கெடுபிடியிலிருந்து விலகிப் புது நிலம் தேடியவர்கள். தீவின் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்களிடம் தனியாகப் பேசி வேறு பத்திரம் எழுதிக்கொண்டார்கள். ஒரு நூற்றாண்டு கழித்துப் பார்த்தால் அந்த மக்களில் 358 பேர்தான் தீவில் மிஞ்சியிருந்தார்கள். 1763-64இல் வந்த கொள்ளைநோய் அவர்களிலும் 222 பேரைக் கொண்டுபோயிற்று. தீவின் விலை வரலாற்றைச் சொல்கிறவர்கள் தொப்பிக் கதையை ரசித்துச் சொல்வார்கள். இந்த இரண்டாம் கணக்கு அவ்வளவாகப் பேச்சில் வருவதில்லை.

அதே தீவில் இன்று ஒரு வருடத்தில் விற்ற வீடுகளையெல்லாம் விலை வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்கும் வீட்டின் விலை 30 லட்சம் டாலருக்கு மேல். நம் பணத்தில் இருபத்தைந்து கோடி ரூபாய். கடலைப் பார்த்த மாளிகைக்கான விலை இல்லை இது. நடுத்தர வீட்டின் விலை. ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் சம்பளம் வாங்கும் ஒரு பள்ளி ஆசிரியை, சாப்பிடாமல், வரி கட்டாமல், துணி வாங்காமல் முப்பது ஆண்டுச் சம்பளத்தை அப்படியே எடுத்து வைத்தால் அந்த வீட்டை வாங்கலாம். அதற்குள் விலை எங்கே போயிருக்கும் என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவின் வடகிழக்கில், கேப் காட் என்ற வளைந்த நிலமுனைக்குத் தெற்கே சுமார் 48 கிலோமீட்டர் கடல் கடந்தால் நான்டக்கெட். பரப்பு 120 சதுர கிலோமீட்டர் அளவில். சாலைச் சந்திப்புகளில் போக்குவரத்து விளக்கே கிடையாது. முன்னாள் அதிபர் ஜோ பைடன் குடும்பம் 1975 முதல் நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறைக்கு இங்கே வருவதை வழக்கமாக வைத்திருக்கிறது. நிதி நிறுவன முதலாளிகளும் தொழில்நுட்பச் செல்வந்தர்களும் கோடைவீடு கட்டியிருக்கிறார்கள். மில்லியன்காரர்களைப் பில்லியன்காரர்கள் துரத்திவிட்டார்கள் என்பது தீவில் பழகிப்போன நகைச்சுவை.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நிரந்தரக் குடிகள் 14,255 பேர். பத்தாண்டுக்கு முன் 10,172. வீடுகள் ஏறத்தாழ 12,000. அதாவது வீட்டுக்கு ஒன்றேகால் ஆள்கூட விழாது. இப்படிப்பட்ட ஊரில் வீட்டுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்புவது கடினம். ஆனால் தீவின் முதல் பிரச்சினை எது என்று நகராட்சியையோ, மருத்துவமனையையோ, தச்சரையோ கேட்டாலும் வரும் பதில் ஒன்றே: குடியிருக்க இடமில்லை. வீடுகளில் பாதிக்கும் மேல் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன.

நான்டக்கெட்டின் விலையேற்றத்துக்குக் கடலும் மணலும் மட்டும் காரணம் என்றால் அட்லாண்டிக் கரை நெடுக இதே விலை இருக்க வேண்டும். இங்கே நிலம் அரிதானது இயற்கையால் பாதி. மீதிப் பாதி மனிதர்கள் கூடி, வாக்களித்து, பெரும்பாலும் நல்ல நோக்கத்தோடு எடுத்த முடிவுகளால். அந்த முடிவுகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் குறை சொல்வது கடினம். சேர்த்துக் கூட்டினால்தான் தொகை பயமுறுத்துகிறது.

கதை திமிங்கிலத்தில் தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதின் முற்பகுதியிலும் உலகத்தின் விளக்குகளுக்கு எண்ணெய் தந்த ஊர்களில் நான்டக்கெட் முதன்மையானது. க்வேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த கப்பல் முதலாளிகள் பசிபிக் கடல்வரை ஆளனுப்பித் திமிங்கிலம் வேட்டையாடினார்கள். எஸ்ஸெக்ஸ் என்ற இவ்வூர்க் கப்பலை 1820இல் ஒரு திமிங்கிலம் முட்டி மூழ்கடித்த செய்திதான் ஹெர்மன் மெல்வில்லின் ‘மோபி டிக்’ நாவலுக்கு விதை. நாவலில் நான்டக்கெட்டை அவ்வளவு உரிமையோடு எழுதிய மெல்வில், அது வெளிவரும்வரை தீவில் கால் வைத்ததில்லை. 1851இல் நாவல் வந்தது. மறுவருடம்தான் ஊரைப் பார்த்தார். அவர் வந்தபோது பார்ப்பதற்குப் பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

துறைமுக வாயிலில் மணல்மேடு. கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக உள்ளே வர முடியவில்லை. தொழில் எதிர்க்கரையில் இருந்த நியூ பெட்ஃபோர்டுக்குப் போயிற்று. 1846 ஜூலையில் பிடித்த தீ ஊரின் மூன்றில் ஒரு பங்கைத் தின்றது. கலிபோர்னியாவில் தங்கம் என்றதும் இளைஞர்கள் கப்பலேறினார்கள். மண்ணெண்ணெய் வந்தது. 1869இல் கடைசித் திமிங்கிலக் கப்பல் புறப்பட்டது; அதோடு சரி. 1840 வாக்கில் பத்தாயிரத்தை ஒட்டியிருந்த மக்கள்தொகை 1900இல் மூவாயிரம். இடிக்கவும் காசில்லை, புதுப்பிக்கவும் காசில்லை. கப்பல் தலைவர்கள் கட்டிய வீடுகள் அப்படியே நின்றன. பின்னாளில் வந்தவர்கள் அள்ளி அள்ளிப் பணம் கொடுத்து வாங்கிய பழமையை அந்த வறுமைதான் பாதுகாத்து வைத்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தைய வீடுகள் இங்கே எண்ணூறுக்கு மேல். 1955இல் மாசசூசெட்ஸ் சட்டம் ஊர் மையத்தை வரலாற்றுப் பகுதியாக்கியது. 1971இல் அந்த எல்லை தீவு முழுவதற்கும் விரிந்தது. அன்றிலிருந்து சன்னல் சட்டத்தின் அளவு, கதவின் நிறம், கூரையின் சரிவு எல்லாவற்றுக்கும் ஓர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். சுவரில் பதிக்கும் தேவதாரு மரச் சில்லுகள் உப்புக்காற்றில் வெளுத்துச் சாம்பல் பூத்து நிற்பது இந்தத் தீவின் சீருடை. அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மலிவான சன்னலும் மலிவான ஓடும் இந்தச் சீருடைக்குள் நுழைய முடியாது. 2006இல் ஊர் மையத்தில் சங்கிலித் தொடர்க் கடைகளுக்கும் தடை விதித்தார்கள். மெக்டொனால்ட்ஸ் இல்லாத கடைத்தெரு கண்ணுக்கு இதம்; அவசரத்துக்கு ஐந்து டாலரில் வயிறு நிரப்ப நினைப்பவருக்கு அப்படியில்லை.

இந்த அழகை ஒரு வியாபாரக் கொள்கையாக்கியவர் வால்டர் பைனெக்கி. செல்வக் குடும்பத்தில் பிறந்து சிறு வயது முதல் கோடையில் இங்கே வந்து போனவர். 1960களில் துறைமுகத்துப் படகுத்துறைகளையும் ஊர்நடுவில் இருந்த கடைக் கட்டடங்களில் பெரும்பகுதியையும் தன் நிறுவனத்தின் பேரில் வாங்கினார். சிதிலமான துறைகளை இடித்துச் சொகுசுப் படகுகள் வந்து நிற்கும் துறையாக்கினார். காலையில் கப்பலில் வந்து ஒரு அஞ்சலட்டை வாங்கி மாலையில் திரும்பும் கூட்டத்தைவிட, தங்கிச் செலவழிக்கும் சிலரே ஊருக்கு நல்லது என்பது அவர் கொள்கை. மறைக்காமல் சொன்னார், அப்படியே செய்தார். உள்ளூர்க்காரர்களில் ஒரு சாரார் அன்றே எதிர்த்தார்கள். 1987இல் அவர் எல்லாவற்றையும் விற்றுவிட்டார். ஆள் போனபின்னும் கொள்கை தங்கிவிட்டது.

அடுத்தது நிலம். 1963இல் தொடங்கிய நான்டக்கெட் நிலப் பாதுகாப்பு அறக்கட்டளை இன்று ஏறத்தாழ 9,000 ஏக்கர் வைத்திருக்கிறது. தீவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட வரும். 1983இல் வந்தது நில வங்கி. அமெரிக்காவில் அந்த வகையில் முதலாவது. தீவில் எந்தச் சொத்து கைமாறினாலும் வாங்குகிறவர் விலையில் நூற்றுக்கு இரண்டு இந்த வங்கிக்குக் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் வங்கி திறந்தவெளிகளையும் கடற்கரைகளையும் வாங்கிப் பொதுமக்களுக்கு விடுகிறது. 30 லட்சம் டாலர் வீட்டுக்கு இந்தக் கட்டணம் 60,000 டாலர். 2021இல் தீவில் நடந்த சொத்து விற்பனை 200 கோடி டாலரைத் தாண்டியது என்றால் வங்கியின் வரும்படியை வாசகர் ஊகிக்கலாம்.

இரண்டு அமைப்புகளும் மற்றவையும் சேர்ந்து காத்ததால் இன்று தீவில் ஏறக்குறைய பாதி நிலம் என்றைக்கும் வீடு கட்ட முடியாத நிலம். புதர்க்காடும் ஈரநிலமும் அரிய பறவைகளும் பிழைத்தன. கடற்கரை பொதுவில் நின்றது. ஆனால் மிச்சப் பாதியின் விலை என்ன ஆகும்? விலை ஏற ஏற வங்கியின் வருமானம் ஏறும். வங்கி மேலும் நிலம் வாங்கும். கட்டுவதற்கான நிலம் மேலும் சுருங்கும். விலை இன்னும் ஏறும். இதில் யாரும் சதி செய்யவில்லை. பூட்டிய அறையில் உட்கார்ந்து ஏழைகளை விரட்டத் திட்டம் போட்டவர் எவருமில்லை. சூழலியல் அக்கறையுள்ள நல்ல மனிதர்கள் நல்ல சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டத்தின் விளைவை வாடகைக்காரர் சுமக்கிறார்.

சரி, வீடு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அன்றாடம் எப்படி?

அரிசி, பால், சிமென்ட், கழிவறைக் காகிதம், கல்லறைக் கல் என்று எல்லாமே கப்பலில் வர வேண்டும். கேப் காட்டின் ஹையானிஸ் துறைமுகத்திலிருந்து விரைவுப் படகுக்கு ஒரு மணி நேரம். கார்களும் லாரிகளும் ஏற்றும் கப்பலுக்கு இரண்டேகால் மணி நேரம். கோடையில் ஒரு காரைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர 400 டாலருக்கு மேல் ஆகும், அதுவும் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்திருந்தால். தீவுவாசிகளுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. லாரிச் சரக்குக்குக் கொடுத்த கூலி ஒவ்வொரு தக்காளியின் விலையிலும் ஏறி உட்கார்ந்துவிடும். குளிர்காலப் புயலில் இரண்டு மூன்று நாள் கப்பல் நின்றால் கடையில் ரொட்டி அடுக்கு காலி. பெட்ரோல் எப்போதும் எதிர்க்கரையைவிட விலை கூடுதல். மின்சாரம் 1996இலும் 2006இலும் கடலடியில் போட்ட இரண்டு கேபிள்களில் வருகிறது. குழாய் பழுது பார்க்க ஒரு பிளம்பரைக் கூப்பிட்டால், அவர் அன்று காலை எங்கே கண்விழித்தார் என்பதையும் சேர்த்தே கூலி வரும்.

பல பிளம்பர்கள் கண்விழிப்பது எதிர்க்கரையில்தான். தச்சர், மின்பணியாளர், வர்ணக்காரர், சில அலுவலகப் பணியாளர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் தினமும் விடியற்காலையில் கப்பலேறியோ, கால் மணி நேரம் பறக்கும் சிறு விமானத்திலோ வேலைக்கு வந்து மாலையில் திரும்புகிறார்கள். தீவுக்கு மூடுபனி பிரசித்தம்; பனி இறங்கினால் விமானம் எழும்பாது, கப்பலுக்கு ஓட வேண்டும். கடல் சீறினால் கப்பலும் நிற்கும், அன்றைக்கு வேலை போச்சு. பயண நேரமும் பயணச் செலவும் வீட்டுக்காரர் கட்டும் கூலிக்குள் போகும். ஆகவே ஒரு குளியலறை புதுப்பிக்கக் கேட்கும் தொகையைக் கண்டு மலைக்கும் செல்வந்தர், தான் குடியிருக்கும் ஊரில் தொழிலாளிக்கு இடமில்லாத செலவைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்.

தீவிலேயே தங்கியிருப்பவர்களின் பாடு வேறு. கோடையில் ஒரு நல்ல வீட்டின் வாடகை வாரத்துக்குப் பத்தாயிரம் டாலர் என்பது சாதாரணம். பத்து வாரம் விட்டால் ஒரு லட்சம் டாலர். அதே வீட்டை ஒரு செவிலியருக்கு மாதம் நாலாயிரம் டாலருக்கு வருடம் முழுக்க விட்டால் 48,000. வீட்டுக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்வதும் உண்டு: செப்டம்பரிலிருந்து மே வரை குளிர்கால வாடகை, ஜூன் பிறந்தால் காலி செய். ‘நான்டக்கெட் ஷஃபிள்’ என்று இதற்கு ஊரில் பெயர். சீட்டுக் கலைப்பதைப்போல வருடத்துக்கு இரண்டு முறை குடும்பங்கள் கலைகின்றன. கோடையில் நண்பர் வீட்டு அடித்தளம், முதலாளியின் கொட்டகை, படகு, கூடாரம். பள்ளி முடியும் மாதத்தில் பிள்ளைகளோடு பெட்டி கட்டுகிறார்கள். பள்ளி திறக்கும் மாதத்தில் வேறொரு முகவரி. ஒரே அறையில் இரண்டு ஷிப்ட் ஆட்கள் முறைவைத்துத் தூங்கும் கதைகளும் தீவில் புதிதில்லை.

அவர்கள் யார்? ஒரு காலத்தில் தீவின் உழைப்பாளிகள் மீனவர்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வளைகுடாவில் ஸ்காலப் சிப்பி அள்ளுவது குளிர்காலப் பிழைப்பாக இருந்தது. இன்றும் இருக்கிறது, ஆனால் படகுகள் குறைந்துவிட்டன. இப்போது புல்வெட்டுவதும், அறை துடைப்பதும், உணவகச் சமையலறையில் நிற்பதும் எல் சால்வடாரிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் பல்கேரியாவிலிருந்தும் வந்தவர்கள். பருவகாலத் தொழிலாளர் விசாவுக்கு நாடு முழுவதற்கும் சட்டம் வைத்த அடிப்படை வரம்பு ஆண்டுக்கு 66,000; அதில் நான்டக்கெட்டின் ஓட்டல்களும் முண்டியடித்துப் பங்கு கேட்கின்றன. பலர் பருவம் முடிந்தும் தங்கி, குடும்பம் சேர்த்து, ஊர்க்காரர்களாகிவிட்டார்கள். பள்ளி மாணவர்களில் பெரும் பங்கினர் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். பத்தாண்டில் நாலாயிரம் பேர் கூடிய கணக்கில் இவர்கள் பங்கு கணிசம். கோடை விருந்துப் படங்களில் இந்த நான்டக்கெட் தெரிவதில்லை.

வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் கட்டிலும் சேர்த்துத் தர வேண்டும் என்ற நிலையில் முதலாளிகளே வீட்டுக்காரர்களாகிவிட்டார்கள். ஓட்டல் முதலாளி வீடு வாங்கிப் பணியாளரைக் குடிவைக்கிறார். நகராட்சி கடற்கரைக் காவலர்களுக்கு அறை தேடுகிறது. வேலையை விட்டால் கூரையும் போகும் என்ற பிடி தொழிலாளியின் கழுத்தில் விழுகிறது. சம்பளம் போதவில்லை என்று கேட்க வாய் வருமா?

மருத்துவமனையின் கதை இதில் தனி ரகம். 2019இல் தீவுக்குப் புது மருத்துவமனை திறந்தார்கள். அதற்காகத் திரட்டிய நன்கொடை 12 கோடி டாலர் அளவில், ஏறத்தாழ முழுக்கவும் தனியார் தந்தது. பதினாலாயிரம் பேருள்ள ஓர் ஊருக்கு இப்படியொரு கொடை வேறெங்கும் சுலபத்தில் கிடைக்காது. ஆனால் கட்டடத்துக்குள் நிற்க வேண்டிய செவிலியருக்கும் ஆய்வக ஊழியருக்கும் இருப்பிடம் தேட மருத்துவமனையே வீடுகளை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கல்வெட்டில் பெயர் பொறிக்கக் கூடத்துக்குக் கொடையாளி கிடைப்பார். இரவுப்பணி முடித்த செவிலியர் தூங்கும் வீட்டுக்குப் பெயர்ப்பலகை வைக்கும் வழக்கம் இல்லை.

வரிக்கணக்கு வினோதமானது. இவ்வளவு விலையுள்ள ஊரில் சொத்துவரி மிகக் குறைவு: மதிப்பில் ஆயிரம் டாலருக்கு மூன்றரை டாலருக்குள். மாநிலத் தலைநகர் பாஸ்டனில் பத்து டாலருக்கு மேல். காரணம் எளிது. கோடைவாசிகளின் வீடுகள் விலைமதிப்பு மிக்கவை. அவர்களின் பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளிக்கு வருவதில்லை. ஒன்பது மாதம் குப்பையும் போடுவதில்லை. நிரந்தரக் குடிகளுக்குக் கூடுதல் வரிச்சலுகையும் உண்டு. ஆக, வரியைப் பொறுத்தவரை பணக்காரக் கோடைவாசி உள்ளூர்க்காரனின் சுமையைத் தாங்குகிறார் என்பது உண்மை. ஊர்ப் பொதுக்கூட்டத்தில் வாக்களிக்கும் உரிமை நிரந்தரக் குடிகளுக்கே. வரியில் பெரும்பகுதி கட்டுகிறவர் கையைத் தூக்க முடியாது. அவர்கள் மனத்தாங்கலில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் வரி மிச்சம் வீடு வைத்திருப்பவனுக்கு. வாடகைக்கு இருப்பவனுக்கு அந்த மிச்சம் வந்து சேர்கிறதா என்றால், இல்லை.

கடற்கரை யாருடையது என்ற கேள்விக்கும் மாசசூசெட்ஸ் விநோதமான பதில் வைத்திருக்கிறது. 1640களின் குடியேற்றக் காலத்து ஆணைப்படி, கரையோர நிலக்காரரின் உரிமை தாழ்ந்த அலைக்கோடு வரை போகும். அலை நனைக்கும் மணலில் பொதுமக்களுக்குள்ள உரிமை மீன்பிடிக்க, பறவை வேட்டையாட, படகு விட. வெயில் காய்வதற்கு உரிமை இல்லை. கையில் ஒரு தூண்டிலோடு நடந்தால் சட்டப்படி நடக்கலாம் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். அமெரிக்காவின் பெரும்பாலான கரையோர மாநிலங்களில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆனாலும் நான்டக்கெட்டில் கரை பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது. பழைய வழக்கமும் நில வங்கியின் கொள்முதலும் சேர்ந்து செய்த நன்மை அது. மேலே விமர்சித்த அதே வங்கிக்கு இந்த வரவை எழுதாமல் விட்டால் கணக்கு நேர்மையாகாது.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நிலம் நிலைக்கிறதா? தீவு முழுக்கப் பனியாற்றுக் காலம் கொட்டிவிட்டுப் போன மணலும் சரளையும். தெற்குக் கரையும் கிழக்குக் கரையின் சியாஸ்கான்செட் மேடும் கடலுக்குள் சரிந்துகொண்டே இருக்கின்றன. 1850இல் கட்டிய சாங்கட்டி கலங்கரை விளக்கம் விளிம்புக்கு வந்துவிட்டதால் 2007இல் சுமார் 120 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். தெற்குக் கரையில் 2023இல் ஏறத்தாழ 23 லட்சம் டாலருக்கு விலைக்கு வந்த ஒரு வீடு, முற்றத்து மணல் சில வாரங்களில் கரைந்ததால் 6 லட்சம் டாலருக்கு விற்றது. ஆறு லட்சம் கொடுத்து வாங்கியவர் எத்தனை கோடைக்கு வாங்கினார் என்பது கடலின் கையில் இருந்தது.

சியாஸ்கான்செட் மேட்டின் வீட்டுக்காரர்கள் 2013-14 குளிர்காலத்தில் மேட்டடியில் மணல் நிரப்பிய பிரம்மாண்டத் துணிக்குழாய்களைத் தங்கள் செலவில் அடுக்கினார்கள். அலையை இங்கே தடுத்தால் பக்கத்துக் கரைக்கு மணல் போகாது என்பதால், ஈடாக ஆண்டுதோறும் லாரி லாரியாக மணல் கொட்ட வேண்டும் என்பது நிபந்தனை. நிபந்தனை சரியாக நிறைவேறவில்லை என்று உள்ளூர்ச் சூழல் ஆணையம் 2021இல் குழாய்களை அகற்றச் சொன்னது. அதன்பின்னும் வழக்கும் பேச்சும் நீண்டன. அதே 2021இல் நகராட்சி வெளியிட்ட கரைப் பாதுகாப்புத் திட்டம், ஒன்றும் செய்யாமல் விட்டால் 2070க்குள் வெள்ளத்தாலும் அரிப்பாலும் சேரும் இழப்பு 300 கோடி டாலருக்கு மேல் என்று கணித்தது. மேட்டின்மேல் உள்ள வீட்டுக்கு அது ஒரு முதலீட்டு நட்டம். துறைமுகச் சாலை நீரில் மூழ்கினால் ஊருக்கே ரொட்டி வராது.

குடியிருப்புக்குத் தீவு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. இங்கே பழைய வீட்டை இடிக்காமல் பெயர்த்து எடுத்துச் சக்கரத்தில் வைத்து வேறிடம் கொண்டுபோகும் மரபு நெடுங்காலமாக உண்டு. செல்வந்தர் பெரிய வீடு கட்ட இடம் வேண்டி ஒதுக்கும் சிறு வீட்டை வாங்கி நகர்த்தி, குறைந்த வாடகைக்கு விடும் வேலையை ஹவுசிங் நான்டக்கெட் என்ற அமைப்பு செய்கிறது. ஒரு வீடு சாலையில் ஊர்ந்து போகும் காட்சி புகைப்படக்காரர்களுக்கு விருந்து, ஆனால் எண்ணிக்கை சொற்பம். 2019இல் ஊர்ப் பொதுக்கூட்டம் குடியிருப்புக்காக 2 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தது. இன்றைய விலையில் அதைக் கொண்டு சந்தையில் வாங்கினால் ஏழு வீடுகூட வராது. நகராட்சி நிலம் இருந்தால்தான் அது பலன் தரும்.

புதிதாகக் கட்டலாமே என்றால் அதற்கும் அனுபவம் இருக்கிறது. ஓர் ஊரின் வீடுகளில் பத்து விழுக்காடு எளியவர்களுக்கு எட்டும் விலையில் இல்லையென்றால், உள்ளூர் விதிகளைத் தாண்டி அடர்த்தியான குடியிருப்பு கட்ட வழிவிடும் மாசசூசெட்ஸ் சட்டம் 1969இலேயே வந்தது. அதன்கீழ் 2018இல் தீவின் நடுத்தெற்கில் 13 ஏக்கரில் 156 குடியிருப்புகள் கட்ட ஒரு திட்டம் வந்தது. ஊர் கொதித்தது. குடிநீர் ஊற்று கெடும், தீப்பிடித்தால் வெளியேற வழியில்லை, போக்குவரத்து தாங்காது என்று எதிர்ப்பு. உள்ளூர் வாரியம் எண்ணிக்கையை வெட்டியது, 2022இல் மாநில மேல்முறையீட்டுக் குழு 156க்கும் அனுமதி தந்தது, வழக்கு தொடர்ந்தது. எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்கள் எல்லாமே பொய்யல்ல. தீவுக்கு ஒரே நிலத்தடி நீர்ப்படுகைதான். ஆனால் நாற்பது அறை மாளிகை, நீச்சல் குளம், ஏக்கர் கணக்கில் நீர் பாய்ச்சும் புல்வெளி என்று வரும்போது இதே கவலை இந்த அளவுக்குச் சூடேறியதில்லை.

கடைசியில் எல்லா வழிகளும் ஒரு கோரிக்கையில் வந்து சேர்ந்தன. நில வங்கிக்கு நூற்றுக்கு இரண்டு என்றால், குடியிருப்புக்கு நூற்றுக்கு அரை வேண்டும்: 20 லட்சம் டாலருக்கு மேற்பட்ட விற்பனைகளில் மட்டும், விற்கிறவரிடமிருந்து. ஊர்ப் பொதுக்கூட்டம் இதற்குத் திரும்பத் திரும்ப வாக்களித்தது. உள்ளூர் வரி புதிதாக விதிக்க மாநிலச் சட்டமன்றம் இசைய வேண்டும் என்பதால் மனு பாஸ்டனுக்குப் போனது, பல ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. ஆளுநர் மோரா ஹீலி தன் வீட்டுவசதி மசோதாவில், இப்படியொரு கட்டணத்தை விரும்பும் ஊர்கள் விதிக்கலாம் என்று ஒரு பிரிவு சேர்த்தார். சொத்துத் தரகர்களின் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. 2024 ஆகஸ்டில் அந்தச் சட்டம் கையெழுத்தானது. நான்டக்கெட் போன்ற ஊர்களைப் பருவகால ஊர்களாக அறிவித்து, நகராட்சிப் பணியாளர்களுக்கு முன்னுரிமை கொடுத்து வீடு கட்டவும், வருடம் முழுக்கக் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பத்திரம் எழுதவும் அது அனுமதி தந்தது. கட்டணப் பிரிவை மட்டும் நீக்கிவிட்டார்கள். புதர்க்காட்டைக் காக்க நூற்றுக்கு இரண்டு எடுக்கும் அனுமதி 1983 முதல் தீவிடம் இருக்கிறது. தாதியையும் தச்சரையும் குடிவைக்க நூற்றுக்கு அரை எடுக்கும் அனுமதியை 2024 சட்டமும் தரவில்லை.